கடாரம் பார்வையிட, இரு பிரதிகளில்

அரசாங்கக் கந்தோருக்கு வருகிற எந்தக் கடிதத்துக்கும் பதினான்கு நாளுக்குள் பதில் போக வேண்டும். பதில் சொல்ல முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்றாவது ஒரு கடிதம் போக வேண்டும். யாழ்ப்பாணக் கச்சேரியில் இருபது வருஷம் நான் இந்த விதிக்குக் கீழே இருந்தேன். அதற்குப் பிறகு பதினொரு வருஷம், தலைமைக் குமாஸ்தாவாக, இந்த விதி எனக்குக் கீழே இருந்தது. அடுத்த வளவு மாடு தன் வேலியைத் தின்கிறது என்று ஒருவர் எழுதியபோது, மாடு எங்கள் பகுதிக்கு உரியதல்ல என்று பன்னிரண்டாம் நாள் பதில் அனுப்பினோம். அதற்குள் மாடு வேலியை முடித்திருக்கும். அது மாட்டின் பொறுப்பு. எங்கள் பொறுப்பு பதில், பதில் போயிற்று.

கடல் கடந்தாலும் விதி மாறாது என்று நம்பித்தான் பென்ஷன் எடுத்த மறு வருஷம் பினாங்குக்குக் கப்பல் ஏறினேன்.

ஏறக் காரணம் ஒரு கடிதம். எழுத்து என் தங்கை பாக்கியத்தினுடையது. சொற்கள் அவள் புருஷன் கார்த்திகேசுவினுடையவை. கார்த்திகேசு எனக்கு மச்சான் மட்டுமல்ல, ஒரே வாங்கில் இருந்து படித்தவர். மலாய் நாட்டு ரயில்வேயில் பினாங்கில் முப்பது வருஷம் கணக்கெழுதிவிட்டு, அங்கேயே ஆயர் ஈத்தாம் என்ற இடத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு இருந்துவிட்டார். அவருடைய இடக்கண் ஐந்து வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. வலக்கண்ணில் இப்போது வெள்ளை படர்ந்துவிட்டது. பெப்ரவரி இருபதாம் தேதி கத்தி வைப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். பார்வை வரலாம், வராமலும் போகலாம் என்றும் சொல்லியிருந்தார்.

"அதற்கு முந்திக் கடாரத்தைப் பார்க்க வேண்டும்" என்று கார்த்திகேசு எழுதுவித்திருந்தார். "இருக்கிற வெளிச்சம் அதுவரைக்கும் போதும். ஒழுங்கு செய்யத் தெரிந்தவர் நீர் ஒருத்தர்தான். வாரும்."

சோழன் ஒருவன் கப்பற்படை கொண்டுவந்து பிடித்த கடாரம் என்னும் நகரம், பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள கெடா நாடுதான் என்று படித்தவர்கள் அப்போது பத்திரிகைகளில் எழுதத் தொடங்கியிருந்தார்கள். அங்கே மெர்போக் ஆற்றுப் பக்கம் காட்டுக்குள் பழைய செங்கற்கட்டுகள் கிடைப்பதாகவும் செய்தி. கார்த்திகேசு அவற்றையெல்லாம் வெட்டி ஒட்டி ஒரு புத்தகமே வைத்திருந்தார். இப்போது அதை அவர் வாசிக்க முடியாது. பாக்கியம் வாசித்துக் காட்ட வேண்டும். பாக்கியத்துக்குச் சோழனில் அக்கறை இல்லை.

வந்து இறங்கிய அன்று இரவே அவள் தன் கருத்தைச் சொல்லிவிட்டாள். பிட்டைத் தட்டில் கொட்டிக்கொண்டே கேட்டாள்: "அண்ணை, கிடாரம் பாக்கவே கடல் தாண்டி வந்தனீங்கள்? என்ரை குசினிக்கை ரெண்டு கிடக்கு. ஒண்டுக்கு ஈயம் பூசோணும்."

எங்கள் ஊரில் கலியாணத்துக்குச் சோறு பொங்குகிற பெரிய பாத்திரத்துக்குக் கிடாரம் என்று பேர். கடாரம் என்றும் சொல்லுவார்கள். கார்த்திகேசு சிரிக்கவில்லை. இந்தப் பகிடியை அவர் பல வருஷமாகச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கி வருகிறார் என்று தெரிந்தது.

மறுநாள் பின்னேரம் டிராமில் பட்டணத்துக்குப் போய்க் கடற்கரைத் திடலில் ஒரு வாங்கில் உட்கார்ந்தோம். மழை விட்டு வானம் வெளித்திருந்தது. தண்ணீருக்கு அப்பால் வடக்கே நீலமாக ஒரு மலை.

"தெரியுதோ மச்சான்?" என்றார் கார்த்திகேசு.

"தெரியுது. உமக்கு?"

"எனக்கு அது இருக்கிற இடம் தெரியும். அதுதான் ஜெராய் மலை. அதின்ரை அடியிலைதான் எல்லாம். முப்பது வருஷமா இந்த வாங்கிலை இருந்து பாத்தனான். நாளைக்குப் போவம், அடுத்த கிழமை போவம் எண்டு."

"ஏன் போகேல்லை?"

"கிட்டத்திலை எல்லோ இருக்கு" என்றார்.

அவருடைய திட்டம் எளியது. நாளைக் காலை ஃபெரியில் அக்கரை, அங்கிருந்து ரயில், பிறகு ஒரு வாடகைக் கார், செங்கல், திரும்பி வருதல், சாப்பாடு. நான்தான் தடுத்தேன். பினாங்கு ஆங்கிலேயரின் சொந்த மண். கெடாவில் சுல்தான் இருக்கிறார். வேறு ஆட்சி. அங்கே உள்ள பழைய இடிபாட்டில் இரண்டு அந்நியர் போய்க் குனிந்து பார்த்தால் என்ன அர்த்தம்? எங்கள் அனுராதபுரத்தில் விழுந்து கிடக்கிற கல்லுக்கும் ஒரு காவல்காரன் உண்டு. காவல்காரனுக்கு மேல் ஓர் ஓவர்சியர். ஓவர்சியருக்கு மேல் ஒரு பதிவேடு. அனுமதி இல்லாமல் போய்ப் பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டால், அதற்குப் பிறகு கேட்கிற அனுமதியும் கிடைக்காது. இது என் அனுபவம். இப்படித் திருப்பி அனுப்பியவர்களில் நானும் ஒருவன்.

"எத்தினை நாள் செல்லும்?" என்று கேட்டார்.

"பதினாலு" என்றேன். "விதி."

அன்றைக்கு ஜனவரி எட்டு. பெப்ரவரி இருபதாம் தேதிக்கு நாற்பத்து மூன்று நாள் இருந்தது. கார்த்திகேசு விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, சரி என்றார். ரயில்வேக்காரர், அட்டவணையில் இடம் இருந்தால் ஒத்துக்கொள்ளுவார்.

சுல்தானுடைய கந்தோருக்கு மலாய் மொழியில், அரபு எழுத்தில் எழுதினால் விரைவாகப் பார்ப்பார்கள் என்று கார்த்திகேசுவே சொன்னார். அவருக்கு மலாய் பேச வரும், எழுத வராது. ஆகவே மார்க்கெட் ஸ்திரீட்டில் மனு எழுதுகிற மீரா முன்ஷியிடம் போனோம். இந்த ஊரில் கடைகளின் முகப்பை ஒட்டி, மாடிக்குக் கீழே, வெயிலும் மழையும் படாத ஒரு நடைபாதை ஓடுகிறது. அஞ்சடி என்கிறார்கள். ஒரு பக்கம் துணிக்கடை, மறுபக்கம் மசாலா மூட்டை, நடுவே ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் முன்ஷி. அவருடைய முன்னோர் நாகூர்ப் பக்கம். தமிழும் மலாயும் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷ் மட்டும் தெரியாது. அதனால் நான் என் விண்ணப்பத்தைத் தமிழில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன்: "தங்கள் ஆட்சிப் பகுதியில் மெர்போக் ஆற்றுப் பக்கம் உள்ள பழைய கடாரத்தை, நானும் என் மைத்துனரும் நேரில் வந்து பார்வையிட அனுமதி வேண்டுகிறேன்."

முன்ஷி இரண்டு தரம் வாசித்தார். "பழைய கடாரம்... பெருசாண்ணே?"

"மிகவும் பெரிது" என்றேன்.

"பாக்க மட்டும்தானே? தூக்கிட்டுப் போற உத்தேசம் இல்லையே? அதையும் போட்டாத்தான் அவங்களுக்குச் சந்தேகம் வராது லா."

பேச்சின் முடிவில் ஒரு 'லா' போடுவது இந்த ஊர் வழக்கம். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. சரித்திரம் தெரிந்த மனுஷர் என்று நினைத்தேன். "முன்னொருக்கால் ஒரு ராசா வந்து எடுத்துக்கொண்டு போனார். அவருக்குப் படை இருந்தது. எங்களிடம் இல்லை. பார்க்க மட்டும் என்று போடும்."

"புரிஞ்சுபோச்சுண்ணே" என்று எழுதத் தொடங்கினார்.

வலமிருந்து இடமாக அழகாக எழுதினார். நான் ஓரத்தில் விட்ட இடம் போதுமா என்று பார்த்தேன். பிரதி இரண்டும் ஒரே அளவா என்று பார்த்தேன். முத்திரை சரியான மூலையில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். எழுதியிருப்பது என்ன என்பதை மட்டும் பார்க்கவில்லை, பார்க்கத் தெரியாது. வாசிக்கத் தெரியாத கடதாசியில் கையெழுத்துப் போட்ட எத்தனையோ பேரை என் மேசைக்கு முன்னால் நிறுத்திப் புத்தி சொன்னவன் நான். இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டேன். ஒன்று தபாலுக்குப் போயிற்று, மற்றது கந்தோர்ப் பிரதி என்று என்னிடம் இருந்தது.

பிறகு காத்திருந்தோம். காத்திருக்கிறவனுக்கு ஊரைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பினாங்கில் மனிதர் சாப்பிடுவதற்கு நேரம் காலம் கிடையாது. தெருவோரத்தில் எந்த நேரமும் எதையாவது வதக்கிக்கொண்டிருக்கிறார்கள். நான் சைவக்காரன், இது இங்கே ஒரு வியாதியைப் போலக் கருதப்படுகிறது. காவடித் தண்டில் சோறும் கறியும் சுமந்து வருகிற ஒருவரிடம், மரக்கறி மட்டும் போடும்படி சொன்னேன். போட்டார். வெண்டைக்காய்க்கு நடுவே சிவப்பாக ஒன்று சுருண்டு கிடந்தது.

"இது என்ன?"

"ஊடான் அண்ணே. இறால்."

"மச்சம் வேண்டாம் என்று சொன்னேனே."

"மீன் போடவே இல்லையே அண்ணே!" என்றார், மனம் நொந்துபோய். "இறால் மீன் இல்ல லா."

டுரியான் பழத்தைப் பற்றியும் எழுத வேண்டும் என்று பாக்கியம் சொல்கிறாள். பலாப்பழம் ஒன்று குற்றம் செய்து சிறைக்குப் போய்த் திரும்பி வந்தால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு வாடை. ஆனால் இரண்டாவது சுளையையும் நான் மறுக்கவில்லை என்பதைப் பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

பதினான்கு நாள் முடிந்தது. பதில் இல்லை. காலையில் கோப்பிக் கோப்பையைத் தேடும்போது கார்த்திகேசுவின் கை மேசையில் கொஞ்சம் கூடுதலாக நடந்தது. முன்பு முன்வாசலில் இருந்து தெருவில் போகிறவர் ஆணா பெண்ணா என்று சொல்லுவார். இப்போது யாரோ போகிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

"நீர் எழுதினதுக்குப் பதில் வராட்டி?" என்று ஒருநாள் கேட்டார்.

"நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் ஒரு முறை இருக்கு."

"அதுக்கும் பதில் வராட்டி?"

"இரண்டாவது நினைவூட்டல். சிவப்பு மையிலை."

கார்த்திகேசு தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டாரா, வேறு எதையாவது நினைத்தாரா தெரியவில்லை.

பத்தொன்பதாம் நாள் ஒரு கடிதம் வந்தது. பதில் அல்ல, கேள்வி. முன்ஷி வாசித்துச் சொன்னார். மூன்று விவரம் வேண்டுமாம்: குறித்த பொருளின் அளவு என்ன? அது இப்போது யாருடைய உடைமை? அதைப் பார்க்க விரும்புவதன் நோக்கம் யாது?

உண்மையைச் சொன்னால் எனக்கு மனம் குளிர்ந்தது. ஒரு கந்தோர் இப்படித்தான் கேட்க வேண்டும். கார்த்திகேசுவிடம், "பார்த்தீரா, ஆட்கள் வேலை செய்கிறார்கள்" என்றேன். அங்கேயே நின்று பதில் சொல்லச் சொல்ல முன்ஷி எழுதினார்.

"ஒன்று. சரியான அளவு தெரியவில்லை. பல்லாயிரம் பேரைக் கொண்டது என்று தெரிகிறது."

முன்ஷியின் பேனா நின்றது. "பல்லாயிரம் பேருக்காண்ணே?"

"பல்லாயிரம்."

"மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு எழுதினார்.

"இரண்டு. பழைய காலத்தில் சோழ அரசர் ஒருவரால் கைப்பற்றப்பட்டது. இப்போது மாட்சிமை தங்கிய சுல்தானுக்கே உரியது என்று நம்புகிறேன். மூன்று. என் மைத்துனருக்குப் பெப்ரவரி இருபதாம் தேதி கண்ணில் கத்தி வைக்கிறார்கள். அதற்கு முன் அவர் அதைப் பார்க்க ஆசைப்படுகிறார்."

மூன்றாவதை எழுதும்போது முன்ஷி நிமிர்ந்து கார்த்திகேசுவைப் பார்த்தார். "அதுக்கு முன்னாடி இதைப் பாக்கணும்னு ஆசையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓம் தம்பி. கனகாலத்து ஆசை."

முன்ஷி பேனாவை மறுபடி மையில் தோய்த்தார். அந்த இரண்டாவது கடிதத்துக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். சிவப்பு மை வாங்கினேன். பெப்ரவரி பதினாறாம் தேதி பின்னேரம், இரண்டாவது நினைவூட்டலுக்கு நான் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது கார்த்திகேசு சொன்னார்:

"நான் நாளைக்குப் போறன்."

"எங்கை?"

"நீர் பதில் வந்தாப் பிறகு வாரும், மச்சான். எனக்கு நேரமில்லை."

"பிடிச்சுக் கேட்டால் என்ன சொல்லுவீர்?"

"கண் தெரியாமல் வந்திட்டன் எண்டு சொல்லுவன்."

பாக்கியம் குசினியிலிருந்து, "அண்ணையையும் கூட்டிக்கொண்டு போங்கோ. அவருக்கும் ஒருக்கால் ஒழுங்கு மீறிப் பாக்க ஆசையாத்தானே இருக்கும்" என்றாள்.

முப்பத்தொரு வருஷ உத்தியோகத்தில் நான் செய்யாத காரியத்தைப் பதினேழாம் தேதி காலை ஆறரை மணிக்குச் செய்தேன். விண்ணப்பத்தின் கந்தோர்ப் பிரதியை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கேட்டால் காட்டுவதற்கு.

யாரும் கேட்கவில்லை. ஃபெரியில் கேட்கவில்லை, ரயிலில் கேட்கவில்லை. எல்லை என்று நான் எதிர்பார்த்திருந்த இடத்தில் ஒரு வாழைத்தோட்டம் இருந்தது. ரயிலிலிருந்து இறங்கிப் பிடித்த கார், முதல் நாள் மழையில் உடைந்துபோன ஒரு மரப்பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. காரோட்டி இறங்கிப் பாலத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், திரும்பி ஏறி உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார். அவரளவில் பயணம் முடிந்தது.

பாலத்துக்குக் கீழே, ஆழமில்லாத இடத்தில் ஒரு மாட்டுவண்டி தண்ணீரைக் கடந்துகொண்டிருந்தது. ரப்பர்த் தோட்டத்துப் பால்வண்டி. ஓட்டியவர் முத்து என்று ஒரு தோட்டத்து ஆள். ரப்பர்ப் பால் தகரங்களுக்கு நடுவே எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டார். ரப்பர்ப் பாலின் வாடைக்கு முன்னால் டுரியான் ஒரு மல்லிகை.

"கல்லுகளா சாமி? ஓடைக்கிட்ட கெடக்கே, அதுவா?" என்றார் முத்து. "அதைப் பாக்கவா பினாங்குல இருந்து வரீங்க? அதுல எங்க பொம்பளைங்க துணி தொவைக்குறாங்க."

"துவைக்க அனுமதி இருக்கா?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

முத்து திரும்பிப் பார்த்தார். "சவுக்காரம் இருக்குங்க" என்றார்.

வழியில் ஒரு மலாய்க்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நரைத்த தாடி, தோளில் துண்டு. கார்த்திகேசு வண்டியை நிறுத்தச் சொல்லி மலாயில் அவரோடு கதைத்தார். அனுமதி வேண்டுமா என்று என் சார்பில் கேட்டார். அந்த மனுஷர் சிரித்ததற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. சொன்னதைக் கார்த்திகேசு எனக்குத் தமிழில் சொன்னார்: "கல்லைப் பாக்க ஆரிட்டைக் கேக்கிறது? கல்லிட்டைக் கேளுங்கோவன் எண்டுறார்."

பெரியவருக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது. இந்தப் பக்கம் இப்போது ஒரே குழப்பம் என்றாராம். இரண்டு கிழமையாகப் பெங்குலுவின் ஆள், அதாவது ஊர்த்தலைவரின் ஆள், வீடு வீடாகப் போய்ப் பெரிய கிடாரம் ஒன்றைத் தேடுகிறானாம். பல்லாயிரம் பேருக்குச் சமைக்கிற கிடாரம். சுல்தானுடையதாம். யாரோ ராசா திருடிக்கொண்டு போனதாம். பெரியவருடைய பெண்சாதி பயந்து தன்னுடைய இரண்டு சட்டிகளையும் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறாளாம்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் கார்த்திகேசுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தக் கண்ணுக்கு நல்லதல்லவே என்று நான் பயந்தேன்.

"அந்த விசாரணையை எந்த மடையன் தொடக்கினானோ" என்றேன்.

இன்னும் கூடச் சிரித்தார். "விடும் மச்சான், விடும். வண்டியை ஓட்டும் தம்பி."

கடாரம் ஓடைக்கு மேலே ஒரு மேட்டில் இருந்தது. இருந்தது என்று சொல்வது மரியாதைக்கு. ரப்பர் மரங்களுக்கு நடுவே முழங்காலளவு உயரத்தில் நாலு பக்கமும் செங்கல் வரிசை. ஒரு பக்கம் வேர் தூக்கிவிட்டது. சதுரமாக வெட்டிய சில செம்பாறைக் கற்கள். ஒன்றின் மேல் யாரோ துவைத்துப் போட்ட சாரம் காய்ந்தது. அரண்மனை இல்லை, மதில் இல்லை, துறைமுகம் இல்லை. ஓர் ஆடு நின்றது.

"என்ன தெரியுது?" என்று கேட்டார் கார்த்திகேசு. அவர் மேட்டுக்குக் கீழே, என் தோளைப் பிடித்தபடி நின்றார்.

நான் எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன். ஒன்றுமில்லாத இடத்தை ஒரு பக்கத்துக்கு எழுத எனக்குத் தெரியும். வாயெடுத்தேன். ஆனால் மூன்று நாளில் கத்திக்குப் போகிற மனுஷனுக்குப் பொய் அறிக்கை கொடுக்க மனம் வரவில்லை.

"செங்கல்" என்றேன். "முழங்காலளவு. பத்தடி, பதினைந்தடி இருக்கும்."

"வேறை?"

"ஆடு."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான், மச்சான்."

அவர் என் தோளை விட்டார். பிறகு, "அப்ப முப்பது வருஷத்திலை பெரிசா ஒண்டும் தவறவிடேல்லை" என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறினார். செங்கல் வரிசையின் பக்கத்தில் மண்டியிட்டு, மூக்கு கல்லில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து, ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு போனார். கணக்குப் புத்தகத்தைச் சரிபார்க்கிற மாதிரி, வரிசை வரிசையாக, ஒன்றும் விடாமல். வெயில் ஏறிற்று. முத்து தன் பால் புளித்துவிடும் என்று சொல்லி முனகினார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது பக்கத்தில், மண்ணுக்குக் கொஞ்சம் மேலே இருந்த ஒரு கல்லில் அவர் நின்றுவிட்டார். விரலால் மண்ணைத் துடைத்தார்.

"இஞ்சை வாரும்."

குனிந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் விரலைப் பிடித்துக் கல்லில் வைத்தார். ஒரு சிறு குழி. அதற்கு முன்னால் வளைவாக நாலு சின்னக் குழிகள்.

"நாய்" என்றார் கார்த்திகேசு. "செங்கல்லு அறுத்துக் காயப்போட்ட இடத்திலை, ஈரத்திலை நடந்திருக்கு."

ஆயிரம் வருஷமோ என்னவோ, எனக்குத் தெரியாது. அந்தக் கால் நேற்று வைத்ததுபோல இருந்தது. இரண்டு நல்ல கண்ணோடு நான் அந்தக் கல்லை இரண்டு தரம் கடந்து போயிருந்தேன்.

கார்த்திகேசு ஒரு கையைக் கல்லில் ஊன்றி, முகத்தை என் பக்கம் திருப்பினார். "ஏன் மச்சான், அது அனுமதி எடுத்திருக்குமோ?"

சட்டைப் பையில் இருந்த கந்தோர்ப் பிரதி வியர்வையில் நனைந்து நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பெப்ரவரி இருபதாம் தேதி, சொன்ன நேரத்துக்குக் கத்தி வைத்தார்கள். ஒரு கந்தோர் சொன்ன தேதியில் சொன்ன காரியத்தைச் செய்தது இந்தப் பயணத்தில் இது ஒன்றுதான். அதற்குப் பிறகு இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, அசையக் கூடாது என்று பத்து நாள் படுக்கவிட்டார்கள். பாக்கியம் காலையிலும் நான் பின்னேரத்திலும் பக்கத்தில் இருந்தோம். ஒருநாள் வரும்போது டிராம் கம்பியிலிருந்து கழன்று நின்றுவிட, நான் அரை மைல் ஓடி வந்தேன். பென்ஷன்காரன் ஓடுவதைக் கண்டு ஒரு ரிக்‌ஷாக்காரர் தானாகவே நின்றார்.

கட்டவிழ்த்தபோது டாக்டர் ஒன்றும் நிச்சயமாகச் சொல்லவில்லை. வெளிச்சம் தெரிகிறது என்றார் கார்த்திகேசு. புண் ஆறி, கண்ணாடி போட்ட பிறகுதான் மிச்சம் தெரியும் என்றார் டாக்டர். அதற்கு ஆறு கிழமை. நான் போக வேண்டிய கப்பல் மார்ச்சில் போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று. அந்த ஆறு கிழமையில் பாக்கியம் ஒருநாளும் கிடாரப் பகிடி சொல்லவில்லை. வீட்டில் எல்லாவற்றையும்விட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கண்ணாடி வந்தது. போத்தலின் அடிபோல் தடித்த கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு கார்த்திகேசு இரண்டு நாள் வீட்டுக்குள் மெதுவாக நடந்தார். கதவு எங்கேயோ தள்ளி நிற்கிறது என்றார். பாக்கியம் பெருத்துவிட்டாள் என்றார். எழுத்து வாசிக்க முடிகிறதா என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வெட்டி ஒட்டிய புத்தகம் அலுமாரிக்கு மேலேயே இருந்தது.

மூன்றாம் நாள் காலை தபால்காரர் ஒரு நீள உறையைக் கொண்டுவந்தார். கெடாவிலிருந்து. இந்த முறை அரபு எழுத்து அல்ல. விஷயம் மேலே மேலே போய் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மேசையில் முடிந்திருக்க வேண்டும். இங்கிலீஷில், தட்டச்சில் இருந்தது. நான் கை நீட்டினேன்.

"இஞ்சை தாரும்" என்றார் கார்த்திகேசு.

உறையைக் கிழித்தார். கடதாசியைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார், மறுபடி கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். பாக்கியம் குசினி வாசலில் வந்து நின்றாள். கையில் அகப்பை. கார்த்திகேசு தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். அவர் வாசித்ததைத் தமிழில் தருகிறேன்:

"'ஐயா, தாங்கள் குறிப்பிட்ட பழைய கிடாரத்தைத் தேடி ஆற்றோரக் கிராமங்கள் எல்லாவற்றிலும் விசாரிக்கப்பட்டது. பல்லாயிரம் பேருக்குச் சமைக்கத்தக்கது எதுவும் அகப்படவில்லை. இருநூறு பேருக்குச் சமைக்கத்தக்க செம்புக் கிடாரம் ஒன்று ஒரு பள்ளிவாசலில் உள்ளது. அதை எந்த அரசரும் எடுத்துச் சென்றதாக அங்குள்ளவர்களுக்கு நினைவில்லை. விருந்து இல்லாத நாட்களில் தாங்கள் அதைப் பார்வையிடலாம். எடுத்துச் செல்லக் கூடாது. தங்கள் மைத்துனரின் கண் குணமடைய விரும்புகிறேன்.'"

ஒரு சொல்லிலும் தடக்கவில்லை.

பாக்கியம் அகப்பையை மேசையில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். பிறகு சிரிக்கிறாள் என்று நினைத்தேன். "நீங்கள் வந்த அண்டைக்கே சொன்னனான், அண்ணை" என்றாள், மூடிய தலைப்புக்குள்ளிருந்து.

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. முன்ஷியின் பேனா நின்ற இடமும், கூலி வாங்க மறுத்ததும், கோழிக்கூட்டுக்குப் பின்னால் போன சட்டிகளும், மடையன் யார் என்பதும்.

"உமக்குத் தெரியுமோ?" என்று கார்த்திகேசுவைக் கேட்டேன்.

"அண்டைக்கு வண்டியிலையே தெரியும்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் திருத்தி இன்னொரு விண்ணப்பம் எழுதியிருப்பீர்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதினான்கு நாள் அல்ல, இன்று வரைக்கும் இல்லை.

வருகிற கடிதத்தின் மேல் மூலையில் 'வந்தது' என்று எழுதித் தேதி போடுவது கச்சேரி வழக்கம். பேனாவை எடுத்து 'வந்தது' என்று எழுதி, தேதிக்கு ஒரு கோடு போட்டேன். தேதியை எழுதாமல் கடிதத்தையும் பேனாவையும் மேசையின் மறுபக்கத்துக்குத் தள்ளினேன். கார்த்திகேசு பேனாவைத் தேடவில்லை, எடுத்தார். மூக்கு கடதாசியில் முட்டவில்லை. நான் போட்டுவைத்த கோட்டின் மேல், சரியாமல், நேராக எழுதினார்:

ஏப்ரல் 17.